பெல்மதுளைக்கு வந்த சரோஜாதேவி

மைக்கல் ஜாக்சனைப் போல ஆடிப் பிழைக்கும் ஒரு பையன். பாரிஸில் ஒரு முதியோர் இல்லத்துக்கு ஆடப் போன இடத்தில் மர்லின் மன்றோவைப் பார்க்கிறான். அவளும் அசல் இல்லை, வேடம்தான். மனசு பறிபோகிறது. அவள் அவனை ஸ்கொட்லாந்துக்குக் கூட்டிப் போகிறாள். அங்கே ஒரு கோட்டையில் முழுக்க இவர்கள் சாதிசனம்தான். ஆபிரகாம் லிங்கன் இருக்கிறார், எலிசபெத் மகாராணி இருக்கிறார், பாப்பரசரும் இருக்கிறார். எல்லோருமாகச் சேர்ந்து ஆடு வளர்க்கிறார்கள். மர்லினுக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் உண்டு. புருஷன், சார்லி சாப்ளின்.

ஹார்மனி கொரைன் 2007இல் எடுத்த ‘மிஸ்டர் லோன்லி’ படம் இது. கதையை யாருக்காவது சொல்லிப் பாருங்கள், பாதியிலேயே சிரித்துவிடுவார்கள். இயக்குநருக்கு மட்டும் சிரிக்க மனமில்லை. ஆட்டுக்கு நோய் வருகிறது, மேடை கட்டி ஆடினால் பார்க்க ஆளில்லை, கடைசியில் மர்லின் செத்தே போகிறாள். இப்பேர்ப்பட்ட சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனுசன் எப்படி அழவைத்தார்? யோசித்ததில் ஒன்றுதான் பிடிபட்டது: இடம் பிழை. பெல்மதுளையில் எடுத்திருந்தால் கூட்டத்துக்காவது குறைவிருக்காது.

பெல்மதுளை தெரியாதவர்களுக்கு: கொழும்பிலிருந்து ஏ4 வீதியில் இரத்தினபுரி தாண்டி வந்தால், எம்பிலிப்பிட்டியப் பக்கம் ஏ18 பிரிகிற சந்தி. சுற்றிலும் ரப்பரும் தேயிலையும், நடுநடுவே கல் எடுக்கத் தோண்டிய குழிகளும். அசலா போலியா என்ற கேள்வி இந்த ஊரில் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே வந்துவிடும். வீதியோரம் நின்று ஒருவர் கடதாசிப் பொட்டலத்தைப் பிரிப்பார். இன்னொருவர் கல்லை வெயிலுக்குக் காட்டி, ஒரு கண்ணை மூடி, பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி உதட்டைப் பிதுக்குவார்.

கெவுட என்று ஒரு கல் உண்டு. பால் ஊற்றிய மாதிரி மங்கிக் கிடக்கும். ஒரு காலத்தில் அதை யாரும் மதிக்கவில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அதை அள்ளிக்கொண்டு போய்ச் சூளையில் சுட்டார்கள். நல்ல நீலமாக வந்தது. அதற்கப்புறம்தான் நம்மவர்களுக்கு வயிறு எரிந்தது. கெவுட கண்ணாடித் துண்டு இல்லை, இரத்தினத்தின் சொந்தச் சாதிதான். சூடு பட்டால்தான் நிறம் காட்டும். எங்கள் பக்கத்து மேடை எம்.ஜி.ஆர்.களும் இந்த ரகம். பகலில் பார்த்தால் ரப்பர் பால் வெட்டுகிற ஒரு மங்கல் மனுசன். இரவில் மேடை விளக்கின் சூடு ஏறியதும் ஆள் தகதகக்கும்.

எம்.ஜி.ஆர். விசயத்தில் எங்கள் ஆட்களுக்கு உரிமை கொஞ்சம் கூடுதல். அவர் 1917இல் பிறந்தது கண்டிச் சீமையில். 1965இல் சரோஜாதேவியோடு இலங்கைக்கு வந்து போனார். அதே வருசம்தான் ‘எங்க வீட்டுப் பிள்ளை’யும் வந்தது. சவுக்கடிக்கு நடுங்கும் எம்.ஜி.ஆர். இருந்த இடத்தில் சவுக்கைப் பிடுங்குகிற எம்.ஜி.ஆர். ஆள்மாறி வந்து நிற்பார். எம்.ஜி.ஆரே எம்.ஜி.ஆருக்கு டூப்பாக நின்றுவிட்ட பிறகு மற்றவன் நிற்பதற்கு என்ன தடை?

ஆனால் வேடம் கட்டிக் காதலிப்பதைச் சினிமா வந்துதான் நாங்கள் படித்தோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மாசி மாதம் தோட்டத்தில் காமன் கம்பம் ஊன்றித் தப்படிக்கத் தொடங்கினால், ரதிக்கும் மன்மதனுக்கும் முறையாகக் கல்யாணமே நடத்திவைப்போம். ரதியாக நிற்பதும் ஆம்பிளைதான். விரதமிருந்து வேடம் கட்டுவார். நேற்றுவரை “டேய்” போட்டவன் இன்று அந்த ரதியிடம் கைகட்டித் திருநீறு வாங்குவான். சிவன் மன்மதனை எரித்ததும் ரதி ஒப்பாரி வைக்க, லயத்துக் கிழவிகள் கூடவே அழுவார்கள். அது யாருடைய மகன், யாரிடம் கடன் வாங்கித் திருப்பித் தராதவன் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அழுவார்கள். கூத்து முடிந்த பிறகு ரதி கவ்வாத்துக் கத்தியோடு பெரட்டுக்கு வந்து நிற்பார். காதோரம் கொஞ்சம் அரிதாரம் ஒட்டியிருக்கும். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்துவார், அவ்வளவுதான்.

வானொலிக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இலங்கை வானொலி நாடகமாக வந்து, 1976இல் ‘கோமாளிகள்’ என்று படமாகவும் ஆன கதையை நினைத்துப் பாருங்கள். ராமதாஸ் முஸ்லிம் முதலாளி மரிக்காராகப் பேசினார். செல்வசேகரன் தமிழைச் சிங்கள நாக்கால் கடித்துப் பேசும் உபாலி. ராஜகோபால் யாழ்ப்பாணத்து அப்புக்குட்டி. ஐயர் பாஷை பேசியவர் பி.எச். அப்துல் ஹமீத். வேடத்தைக் கழற்ற நாடு விடவில்லை. கடைசிவரை அவர்கள் மரிக்கார் ராமதாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால்தான். அடையாள அட்டை கேட்காமல் ஜனங்கள் வைத்த பெயர். ஹாலிவுட்டில் எவனுக்கு இந்தப் பாக்கியம் கிடைத்தது?

இனி என் கதைக்கு வருகிறேன். படமாக எடுக்க வேண்டியது இதைத்தான்.

எங்கள் தோட்டத்து அம்மன் கோயில் தேர் முடிந்த இரவில் ஆடல்பாடல் கோஷ்டி ஒன்று வேனில் வந்தது. எம்.ஜி.ஆர்., ரஜினி, விஜயகாந்த், அவர்களுக்கு ஜோடியாக ஆட ஒரு பெண். மேடைக்குப் பின்னால் வயர் பிடிக்கும் உத்தியோகம் எனக்கு. எம்.ஜி.ஆர். வேனிலிருந்து இறங்கும்போதே தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத்தான் இறங்கினார். இரவு எட்டு மணிக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு லயத்துப் படி இறங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஜனங்கள் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆயா ஒருத்தி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவர் கன்னத்தை வழித்து, “என்னப் பெத்த ராசா, இப்பிடி எளச்சிட்டியே” என்றாள். அவர் கைகூப்பினார். அதோடு பெரிய சிக்கல் ஒன்று வந்து சேர்ந்தது. வாத்தியார் படத்தில் பீடி குடிக்கமாட்டார். இவருக்கோ மேடை ஏறுமுன் ஒன்று இழுத்தாக வேண்டும். தேயிலைச் செடிக்குள் குந்தி இழுத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, இன்னுங் கொஞ்சம் குனிங்க. ஆயா பாத்துச்சுன்னா தொலைஞ்சீங்க.”

“அதுக்குத்தான்டா தம்பி கண்ணாடியக் கழட்டிட்டேன். இப்ப நான் வாத்தியார் இல்ல.”

தொப்பியை மட்டும் கழற்றவில்லை. வேனில் தூங்கும்போதும் தொப்பிதான் என்று பிறகு ரஜினி சொன்னார்.

அந்தப் பெண் கஹவத்தைப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. முதலில் சரோஜாதேவியாக வந்தது, அடுத்து நதியா, நள்ளிரவுக்கு மேல் சில்க் ஸ்மிதா. தமிழில் உதடு மட்டும்தான் ஓடும், அர்த்தம் ஒரு சொல்லுக்கும் தெரியாது. ஆனால் சரோஜாதேவி முகத்தைத் திருப்பி வெட்கப்பட வேண்டிய இடத்தில் தலைவகிடு வரை வெட்கப்படும். எம்.ஜி.ஆர். விழுந்தது அந்த இடத்தில்தான். அவருக்குப் பாவம், ஒருத்தி மேல்தான் ஆசை. அந்த ஒருத்தியோ ஒரே இரவில் மூன்று பேராக வந்தாள். சரோஜாதேவியிடம் சொல்லலாம் என்று தொண்டையைச் செருமுவதற்குள் அவள் நதியாவாகிவிடுவாள். சில்க்கிடம் போய்ச் சொல்ல வாத்தியாரின் கொள்கை இடங்கொடுக்கவில்லை.

அதைவிடப் பெரிய தடை பாஷை. எம்.ஜி.ஆர். குரலில் தமிழில் சொன்னால் அவளுக்குப் புரியாது. சிங்களத்தில் சொன்னால் எம்.ஜி.ஆர். குரல் வராது. கூப்பன் கடையில் பருப்பு கேட்கிற அவருடைய சொந்தக் குரல்தான் வரும். ஒருமுறை முயன்றார். இரண்டு கையையும் விரித்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, புரட்சி நடிகரின் அத்தனை அங்க அசைவோடும் சிங்களத்தில் தொடங்கினார். அவள் கோபுரக்கொண்டை சரிந்து தோளில் விழுமட்டும் சிரித்தாள்.

எனவே ரஜினி தூது போனார். ரஜினிக்குச் சிங்களம் தண்ணீர். வேன் ஓட்டுவதும் அவர்தான். எம்.ஜி.ஆர். தமிழில் உருகி உருகிச் சொல்ல, ரஜினி தலைமுடியைக் கோதிவிட்டு, படுவேகமாக அதைச் சிங்களத்தில் இறக்கினார். நடுவில் ஒரு சிகரெட்டை வீசி வாயில் பிடிக்கப் பார்த்தார், அது காதில் பட்டுக் கீழே விழுந்தது. விஜயகாந்த் ஏன் நின்றார் என்று தெரியவில்லை, ஆனால் கண் சிவக்க நின்றார். நான் கையில் வயரோடு, உலக சினிமாவின் மகத்தான காட்சி ஒன்றைக் கமரா இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் ரஜினியிடம் ஏதோ சொன்னாள்.

“என்னடா சொல்லுது?” என்று கேட்டார் எம்.ஜி.ஆர்.

“அண்ணே, தொப்பியக் கழட்டச் சொல்லுது. ஆள் யாருன்னு பாக்கணுமாம்.”

எம்.ஜி.ஆர். சுற்றிப் பார்த்தார். ஆயா இல்லை. கழற்றினார். தலை தேங்காய் உரித்த மாதிரி, ஒரு முடி இல்லை. அவள் ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தாள். பிறகு தன் கோபுரக்கொண்டையைத் தூக்கி அவர் தலையில் வைத்து அளவு பார்த்தாள். சரியாக இருந்தது. கல்யாணம் அடுத்த வருசம் கஹவத்தையில் நடந்தது. கோஷ்டி முழுக்க வேடமில்லாமல் போனதால் வாசலில் நின்றவர்களுக்கு ஒருவரையும் தெரியவில்லை. விஜயகாந்தை மட்டும், கண்ணைச் சிவக்க வைத்துக் காட்டியதும், உள்ளே விட்டார்களாம்.

இதைப் படமாக்க முன்மாதிரிக்குப் பஞ்சமில்லை. 1964இல் ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யில் முத்துராமன், நண்பனின் காதலுக்காகக் கோடீஸ்வர அப்பாவாக வேடம் போட்டு வந்து நிற்பார். வந்து நின்ற வீட்டில்தான் அவருடைய சொந்தக் காதலியும் இருப்பாள். நரைமுடியை வைத்துக்கொண்டு அவர் படுகிற பாட்டுக்குப் பக்கத்தில் மைக்கல் ஜாக்சன் பட்டதெல்லாம் ஒரு பாடா? ஹிந்திக்காரர்கள் 1991இல் ‘ராம்கட் கே ஷோலே’ என்று ஒன்றை எடுத்தார்கள். அமிதாப், தேவ் ஆனந்த், அனில் கபூர் எல்லாம் முகச்சாயல்காரர்கள். கப்பராக மட்டும் அசல் அம்ஜத் கான். வேடக்காரர்களை நம்பிப் படமெடுத்த அந்தத் துணிச்சலுக்கு நான் தொப்பியைக் கழற்றுவேன், எனக்கு முடி இருக்கிறது.

பணத்துக்கு ஒரு கல் முதலாளியிடம் போனேன். முழுக்கதையையும் கேட்டார். கொண்டை இடத்தில் வயிறு குலுங்கச் சிரித்தார். செக் புத்தகம் வரப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

“கத நல்லாருக்கு தம்பி. அந்த எம்.ஜி.ஆர். வேசத்துக்கு யாரப் போடுற?”

“அவரையேதான் முதலாளி. கஹவத்தையிலதான் இருக்காரு. இப்பவும் ஆடுறாரு.”

முதலாளி உதட்டைப் பிதுக்கினார்.

“அது சரிவராது. டூப்பா நடிக்கணும்னா இந்தியாவுலருந்து பெரிய ஒரிஜினல் ஹீரோவா ஒருத்தரப் புடி. இவரு நடிச்சா பாக்க டூப்பு மாதிரி இருக்கும்.”