லாட விளக்கு சொல்வதும் சொல்லாததும்

காலையில் காரை எடுத்ததும் டேஷ்போர்டில் லாடம் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. பத்து கிலோமீட்டர் போனதும் தானாக அணைகிறது. கண்டுகொள்ளாமல் விடலாமா?

விடாதீர்கள். அது லாடம் இல்லை, குறுக்கே வெட்டிய டயர், நடுவில் ஆச்சரியக்குறி. ராத்திரிக் குளிரில் டயருக்குள் அழுத்தம் குறைகிறது. 10 டிகிரி இறங்கினால் ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. போய்விடும். ஓட ஓட டயர் சூடாகி அழுத்தம் ஏறுகிறது, விளக்கு அணைகிறது. கூடியது சூடுதான், காற்று இல்லை. ஏற்கெனவே எல்லைக்கோட்டில் நிற்கும் டயர்தான் இப்படிக் காலையில் காட்டிக்கொடுக்கும்.

நெடுஞ்சாலையில் ஓடிவந்த சூட்டோடு பங்க்கில் நிறுத்தி, சரியாக 33 வைக்கச் சொல்கிறீர்கள். மறுநாள் விடிகாலையில் அதே டயர் 29, 30-தான் காட்டும். வண்டி நின்று மூன்று மணி நேரம் ஆன பிறகு பாருங்கள். எவ்வளவு வைப்பது என்று பங்க் தம்பியைக் கேட்க வேண்டாம். அவர் எல்லா வண்டிக்கும் ஒரே அளவு வைப்பார். உங்கள் வண்டிக்கான எண், டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது.

விளக்கு எரியாதவரை காற்று சரியாக இருக்கிறது என்று நம்பலாமா?

கூடாது. இந்த ஒரு நம்பிக்கையை உடைக்கத்தான் நான் வாராவாரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல்பட்டை பிரிந்து ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்கள் உருண்ட விபத்துகளுக்குப் பிறகு, 2000-ல் ஒரு சட்டம் வந்தது. அதன் வழியாகத்தான் இந்த விளக்கு அங்கே கட்டாயமானது. அந்த விதிப்படி, ஸ்டிக்கர் அளவில் 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிந்தாக வேண்டும். கணக்குப் போடுங்கள்: 33 என்றால், 25-க்குப் பக்கத்தில் இறங்கும்வரை அது பேசாமல் இருக்கலாம். 27-ல் ஓடும் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது. சூடு உள்ளேயே சேர்கிறது. மே மாத மதியத்தில், நான்கு பேரும் மூட்டை முடிச்சுமாக, 100-ல் போகும்போது அந்த டயர் என்ன பாடுபடும்! விளக்கு எரிவது கடைசி மணி. முதல் மணியை நீங்கள்தான் அடிக்க வேண்டும், மாதம் இரண்டு முறை, கேஜை வைத்து.

என் காரிலும் இந்த விளக்கு இருக்கிறது. ஆனால் சக்கரத்தில் சென்சாரே இல்லை என்கிறார் மெக்கானிக். பிறகு எப்படி?

அவர் சொல்வது சரி. இதில் இரண்டு வகை உண்டு. நேரடி வகையில், வால்வின் அடிப்பக்கம், ரிம்முக்குள் தீப்பெட்டிக்கும் சிறிதான ஒரு டப்பா உட்கார்ந்திருக்கும். அழுத்தத்தையும் சூட்டையும் அளந்து ரேடியோ அலையில் அனுப்பும். வண்டி நின்றால் தூங்கும், சக்கரம் சுழன்றால் விழிக்கும். பேட்டரியை மிச்சம் பிடிக்க அந்த ஏற்பாடு. அப்படியும் ஐந்து முதல் பத்து வருடம்தான். பேட்டரி தீர்ந்தால் பொதுவாக முழு சென்சாரையே மாற்ற வேண்டும்.

உங்களுடையது மறைமுக வகை. ஏ.பி.எஸ். பிரேக்குக்காக ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் எப்படியும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். காற்று குறைந்த டயரின் உருளும் ஆரம் சற்றுச் சிறுக்கும். சிறிய சக்கரம் அதே தூரத்துக்கு அதிகம் சுற்ற வேண்டும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் ஊகிக்கிறது. கெட்டிக்கார யோசனை. ஆனால் நான்கிலும் ஒரே அளவு காற்று இறங்கினால் சாதாரண மறைமுக அமைப்பு ஏமாந்துவிடும், ஒப்பிட ஆள் இல்லையே. காற்று வைத்ததும் ரீசெட் பட்டனை அழுத்த மறக்காதீர்கள். மறந்தால் பழைய கணக்கையே சரி என்று வைத்துக்கொள்ளும்.

விளக்கு முதலில் ஒரு நிமிடம் கண்ணடித்துவிட்டு, பிறகு நிலையாக எரிகிறது.

பெரும்பாலான வண்டிகளில் அதற்குப் பொருள், காற்றில் குறை இல்லை, காவலாளிக்கே உடம்பு சரியில்லை என்பது. டயர் மாற்றினீர்களா? என் வண்டியில் ஒரு பஞ்சர் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். பையன் டயர் விளிம்பைக் கழற்ற லீவரை வால்வு இருந்த பக்கமாகவே விட்டான். 'டக்' என்று ஒரு சத்தம். உள்ளே பார்த்தால் சென்சார் டப்பா இரண்டு துண்டு. உள்ளே அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன்: "தம்பி, வால்வுப் பக்கம் சென்சார் இருக்கு, எதிர்ப்பக்கத்திலிருந்து எடு."

கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது அப்பா இன்ஜினை அணைத்து நியூட்ரலில் விடுகிறார். பெட்ரோல் மிச்சமாம். சொன்னால் கேட்பதில்லை.

இந்தப் பதிலை அப்படியே அவரிடம் படித்துக் காட்டுங்கள். ஐயா, இன்றைய காரில் ஸ்டீயரிங்கை லேசாக்குவது ஒரு மின் மோட்டார். நீங்கள் வளையத்தைத் திருப்பும்போது உள்ளே ஒரு மெல்லிய கம்பி இம்மியளவு முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கை சென்சார் படித்து, வண்டியின் வேகத்தையும் பார்த்து, மோட்டாருக்கு எவ்வளவு உதவ வேண்டும் என்று சொல்கிறது. இன்ஜினை அணைத்தால் அந்தக் கை விலகிவிடும். ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் இரும்புத் தொடர்பு இருப்பதால் வண்டி திரும்பும். ஆனால் திடீரென்று கல்லாகக் கனக்கும். பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்து பெடல் இறுகிவிடும். சாவியை இன்னும் பின்னால் திருப்பி உருவினால் பல வண்டிகளில் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்றில் கனத்தால் போதும்.

மிச்சம் என்ற கணக்கும் தவறு. கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜெக்‌ஷன் வண்டி பெட்ரோலைத் தானே நிறுத்திக்கொள்கிறது. சக்கரம்தான் இன்ஜினைச் சுழற்றுகிறது. ஒரு சொட்டுகூடச் செலவில்லை, இன்ஜின் பிரேக்கும் இலவசம். இரண்டாவது கியர் போட்டு இறங்குங்கள், ஐயா.

யூ-டர்ன் எடுக்கும்போது மட்டும் முன்பக்கம் 'டக்டக்டக்' என்கிறது. நேராகப் போனால் சத்தமே இல்லை.

சி.வி. ஜாயின்ட். முன்சக்கர இழுவைக் காரில் ஒரே சக்கரம் திரும்பவும் வேண்டும், இன்ஜினின் சக்தியை வாங்கிச் சுழலவும் வேண்டும். ஆக்சில் நுனியில், ஆறு எஃகு உருண்டைகள் பள்ளங்களில் உருளும் ஒரு மூட்டு அதைச் சாதிக்கிறது. ஆல்ஃபிரட் ரெசெப்பா 1920-களில் உருவாக்கியது. உங்கள் முழங்காலைப் போல அதற்கும் மசகு வேண்டும்; கிரீஸை ரப்பர் பூட் மூடிக் காக்கிறது. பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியே, மண் உள்ளே. சத்தம் வந்துவிட்டதால் பள்ளங்கள் தேய ஆரம்பித்துவிட்டன. பூட் மட்டும் மாற்றி ஒப்பேற்ற முடியாது. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து நிறுத்தி, முன்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ரிம்மின் உள்பக்கம் கறுப்பு கிரீஸ் தெறித்திருந்தால் அன்றைக்கே கொண்டுபோங்கள். பூட் விலையோடு போகும்.

மாட்டுவண்டிக்கு டிஃபரன்ஷியல் இல்லையே, காருக்கு மட்டும் ஏன்?

இந்த வாரத்தின் அருமையான கேள்வி. மாட்டுவண்டியில் அச்சு சுழலாது. கடையாணி தடுத்து நிறுத்த, இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஓடும். உள்சக்கரம் மெதுவாக, வெளிச்சக்கரம் வேகமாக, யாரும் யாரையும் இழுப்பதில்லை. காரில் இன்ஜின் அச்சையே சுழற்றுகிறது. சக்கரங்களுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் என்றால், ஒரு யூ-டர்னில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 4.7 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். ஒரே தண்டாக இணைத்திருந்தால் ஏதோ ஒன்று தேய்த்துக்கொண்டுதான் வரும். திருவாரூர் ஆழித்தேர் வீதி முனையில் திரும்பும்போது சக்கரத்தடியில் இரும்புத் தகடு போட்டு, கிரீஸ் தடவி, வழுக்கவிட்டுத்தானே திருப்புகிறார்கள்? அந்த வழுக்கலுக்கு வேலையில்லாமல் செய்ததுதான் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டி.

90-ல் ஸ்டீயரிங் நடுங்குகிறது. அலைன்மென்டா?

முதலில் பேலன்ஸிங். ஒருபக்கம் இழுத்தால் காற்றைப் பாருங்கள், பிறகு அலைன்மென்ட்.

'ஸ்டெப்னி' என்ற சொல் எங்கிருந்து வந்தது?

வேல்ஸ் நாட்டு லானெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து. 1904-ல் அங்கே டேவிஸ் சகோதரர்கள் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். தெருப்பெயர் நம் வாயில் தங்கிவிட்டது. கேட்டதோடு இன்னொன்றும்: பல கார்களில் ஸ்டெப்னிக்கு சென்சார் கிடையாது. மறைமுக அமைப்புக்கோ, சுற்றாத சக்கரம் கண்ணிலேயே படாது. இன்று சாயங்காலம் டிக்கியைத் திறந்து அதன் வால்வு மூடியைக் கழற்றுங்கள். எத்தனை காட்டியது என்று எனக்கு எழுதுங்கள்.