அணைத்துவிடுங்கள், அவ்வளவுதான்!

2023 அக்டோபர் 16 அன்று, நெட்வொர்க் கருவிகள் விற்கும் சிஸ்கோ நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தன் கருவிகளை இயக்கும் ஐஓஎஸ் எக்ஸ்இ மென்பொருளில் ஓட்டை. அபாய மதிப்பெண் பத்துக்குப் பத்து. முழு மதிப்பெண்!

ஓட்டை எங்கே? ரூட்டரை பிரவுசரிலேயே நிர்வகிக்க, வாடிக்கையாளர் வசதிக்காகக் கொடுத்த வெப் பக்கத்தில். அது இணையத்துக்குத் திறந்திருந்தால் போதும். முன்பின் தெரியாதவன் பாஸ்வேர்டு இல்லாமலே நுழைந்து, உச்ச அதிகாரத்தோடு தனக்கொரு கணக்குத் தொடங்கிக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்கியவர் பாஸ்வேர்டு மறந்தால் படும் பாடு திருடனுக்குக் கிடையாது.

அன்றைக்கு ஓட்டையை அடைக்கும் பேட்ச் இல்லை. இருந்தது உபதேசம்: வெப் சர்வரை அணைத்துவிடுங்கள். இரண்டே கட்டளை. சில நாளுக்குள் பல்லாயிரம் கருவிகள் பறிபோயின. கருவியை அணைத்துப் போட்டால் திருடன் வைத்த நிரல் அழியும். அவன் தொடங்கிய கணக்கு அழியாது. முதல் பேட்ச் வந்தது அக்டோபர் 22-இல்.

நிர்வாகப் பக்கத்தை இணையத்தில் திறந்து வைக்கக் கூடாது என்றும் அதே அறிவிப்பு அறிவுரை சொன்னது. அந்தப் பக்கம் மென்பொருளோடு சேர்ந்தே வருகிறது, தனி உரிமம் வேண்டாம் என்று பெருமையாகச் சொன்னதும் அதே அறிவிப்புதான். எதற்கெடுத்தாலும் உரிமக் கட்டணம் கேட்கும் தொழிலில் ஓட்டை மட்டும் இலவசம்.

நிர்வாகப் பக்கத்தைத் திறந்து வைப்பது ஆபத்து என்பது யாருக்கும் தெரியாத ரகசியமா? நான்கு மாதம் முன்பே, 2023 ஜூனில், அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு முகமையான சிசா மத்திய அரசு அலுவலகங்களுக்கு உத்தரவிட்டது: இணையத்துக்குத் திறந்து கிடக்கும் நிர்வாகப் பக்கம் கண்ணில் பட்டால் 14 நாளில் அதைப் பாதுகாப்புக்குள் கொண்டுவாருங்கள். அரசுக்கு உத்தரவு. விற்றவனுக்கு? விற்பனை இலக்கு.

வீட்டு ரூட்டர் கதை இன்னும் கேவலம். 2016-இல் மிராய் என்ற நிரல், ஆலையிலேயே வைத்து அனுப்பிய சுமார் 60 பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளைக் கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது. எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு என்ற கூத்துக்கு பிரிட்டனில் சட்டப்படி தடை அமலானது 2024 ஏப்ரல் 29 அன்று. ஏழரை ஆண்டு. சனிகூட இவ்வளவு ஒழுங்காகப் பிடிக்காது.

மூடி விற்க வேண்டியதைத் திறந்து விற்கிறார்கள். கொள்ளை போனால், நீங்கள் ஏன் மூடவில்லை என்கிறார்கள். இதற்குப் பெயர் கவனக்குறைவு அல்ல, வியாபாரம். மூடி விற்காதவனுக்கு அபராதம் வரும்வரை இது மாறாது. அதுவரை, உங்கள் ரூட்டரில், இணையம் வழியே வெளியிலிருந்து நிர்வகிக்கவிடும் ரிமோட் மேனேஜ்மென்ட்டை இன்றே அணையுங்கள். விற்றவன் வந்து அணைக்கப் போவதில்லை.