ரெண்டே நிமிஷம்

நிறுத்தக் கூடாத இடத்தில் வண்டியை நிறுத்துபவர்களில் பெரும்பாலோர் சட்டம் தெரியாதவர்கள் அல்லர். சட்டம் தேவைதான், அது எல்லோருக்கும் பொதுதான் என்று ஒப்புக்கொண்டு, தங்களுக்கு மட்டும் அன்றைக்கு ஒரு விலக்கு உண்டு என்று நம்புகிறவர்கள். சென்னையில் இந்த விலக்கின் கால அளவு ஏறக்குறைய நிர்ணயமாகிவிட்டது: ரெண்டே நிமிஷம். தலைவலி மாத்திரை வாங்குவதற்கும் ரெண்டே நிமிஷம். பெண் வீட்டார் பதினாலு பேர் சேர்ந்து முகூர்த்தப் பட்டு எடுப்பதற்கும் ரெண்டே நிமிஷம்.

எங்கெல்லாம் நிறுத்தக் கூடாது என்பதை 1989-ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகள் பட்டியலிட்டன. சாலைச் சந்திப்பு, வளைவு, மேட்டின் உச்சி, நடைபாதை, சிக்னல் அருகில், பாதசாரிகள் கடக்கும் இடம், பேருந்து நிறுத்தம், பள்ளி வாசல், மருத்துவமனை வாசல், கட்டடங்களின் நுழைவாயில், ஏற்கெனவே நிற்கும் வண்டிக்கு எதிரில், அதன் பக்கத்தில் இணையாக என்று பட்டியல் நீளும். 2017-இல் வந்த புதிய விதிமுறைகளும் அதைச் சுருக்கவில்லை. இந்தப் பட்டியலைத் தியாகராய நகரில் பொருத்திப் பார்த்தால், சட்டப்படி வண்டி நிறுத்தத் தக்க இடமாக மிஞ்சுவது அவரவர் வீட்டு கார் ஷெட்தான். அங்கே பழைய வாஷிங் மெஷின் இருக்கிறது.

தடை செய்யும் கருவிகளில் மிக எளியது பலகை. இதில் இரண்டு வகை. காவல்துறை வைக்கும் ‘நோ பார்க்கிங்’ பலகை முதல் வகை. அதன் கம்பத்தில் சாய்த்து நிறுத்த ஸ்கூட்டர்களுக்கு வசதி. வீட்டுக்காரர்கள் கேட்டில் மாட்டும் பலகை இரண்டாம் வகை. ‘மீறினால் காற்று பிடுங்கப்படும்’ என்ற வாசகம் இதற்கு உரியது. இதற்குச் சட்ட வலு கிடையாது. ஆனால் தண்டனை உடனடி, மேல்முறையீடு இல்லை என்பதால் முதல் வகையைவிட இதற்கு மரியாதை அதிகம். பலகையோடு நிற்காமல் பூந்தொட்டி, சிமென்ட் கல், கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஆகியவற்றை வைத்து வாசலுக்கு எதிரே உள்ள மாநகராட்சிச் சாலையையும் வீட்டோடு சேர்த்துக்கொள்வது வழக்கம். அதே வீட்டுக்காரர் மாலையில் பாண்டி பஜாருக்குப் போய் இன்னொருவர் கேட்டை மறித்து நிறுத்துவார். அங்கே அவருக்கு ரெண்டு நிமிஷ வேலைதான்.

பலகைக்கு அடுத்து வந்தது இயந்திரம். அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரத்து வணிகர்களுக்கு ஒரு குறை இருந்தது. கடைத்தெருவில் வேலை பார்ப்பவர்கள் காலையில் காரை நிறுத்தினால் மாலையில்தான் எடுத்தார்கள், வாடிக்கையாளருக்கு இடமில்லை. கார்ல் மகீ என்ற பத்திரிகையாளர் காசு போட்டால் ஓடும் மீட்டர் ஒன்றைச் செய்விக்க, உலகின் முதல் பார்க்கிங் மீட்டர் 1935 ஜூலை 16 அன்று அங்கே நடப்பட்டது. கட்டணம் 5 சென்ட். காசு போடாமல் மாட்டிக்கொண்ட முதல் ஆள் என்று குறிக்கப்படுபவர் சி.எச். நார்த் என்ற பாதிரியார். சில்லறை மாற்றத்தான் மளிகைக் கடைக்குப் போயிருந்தேன் என்று அவர் சொன்னார், வழக்கு தள்ளுபடியானது.

இயந்திரத்துக்கு இரக்கம் காட்டத் தெரியாது என்பதால் அதற்குத் துணையாக மனிதர்கள் வந்தார்கள். லண்டனில் 1958-இல் மீட்டரும் 1960 செப்டம்பரில் சீருடை அணிந்த டிராஃபிக் வார்டன்களும் வேலையைத் தொடங்கினர். வார்டன்கள் எழுதிய முதல் சீட்டு, 2 பவுண்டு அபராதம், டாக்டர் தாமஸ் கிரைட்டன் என்பவரின் காரில் ஒட்டப்பட்டது. அவர் அப்போது மாரடைப்பு வந்த ஒருவருக்கு ஓட்டலுக்குள் சிகிச்சை அளித்துக்கொண்டிருந்தார். ஊர் கொதித்தது, அபராதம் கைவிடப்பட்டது. ஆக, இந்தத் துறையின் இரண்டு தொடக்கங்களும் விலக்கில்தான் போய் முடிந்தன. பாதிரியாருக்கும் டாக்டருக்கும் கிடைத்ததைப் பட்டு எடுக்க வந்தவர் தனக்கும் கேட்பதில் வரலாற்று நியாயம் இருக்கிறது.

விலக்கை ஒரு சேவையாகவே நடத்திய ஊரும் உண்டு. ஆஸ்திரேலியாவின் சர்ஃபர்ஸ் பாரடைஸில் மீட்டர் வந்ததும் சுற்றுலாப் பயணிகள் வராமல் போய்விடுவார்கள் என்று வணிகர்கள் பயந்தார்கள். 1965-இல் அவர்கள் தங்கள் செலவில் நீச்சலுடைப் பெண்களை நியமித்து, நேரம் முடிந்த மீட்டர்களில் காசு போட வைத்தார்கள். அபராதம் தவிர்க்கப்பட்டது, அதைவிட முக்கியமாக, சுற்றுலாவும் வளர்ந்தது.

சென்னை ஓட்டுநர் இத்தகைய உதவிகளை எதிர்பார்ப்பதில்லை. தன் விலக்கைத் தானே தயாரித்துக்கொள்கிறார். அதற்கு மூன்று முறைகள் உள்ளன. முதலாவது, நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிடுவது. பழுதான வண்டி என்று எச்சரிக்க வைத்த விளக்கு, இங்கே உரிமையாளர் பக்கத்தில்தான் இருக்கிறார் என்ற அறிவிப்பு. இரண்டாவது, வண்டிக்குள் ஓர் ஆளை விட்டுச் செல்வது. இதற்குப் பாட்டி சிறந்தவர். காவலர் கண்ணாடியைத் தட்டினால், “எனக்கு ஓட்டத் தெரியாதுப்பா, இதோ வந்துடுவான்” என்பார். அதற்கு மேல் கேட்க எந்தக் காவலருக்கும் மனம் வராது. மூன்றாவது, கண்ணாடியில் ஸ்டிக்கர்: பிரஸ், போலீஸ், அட்வகேட், டாக்டர். இத்தகைய ஸ்டிக்கர்களைச் சொந்த வாகனங்களில் ஒட்டக் கூடாது என்று 2024 மே மாதம் சென்னை போக்குவரத்துக் காவல்துறை நடவடிக்கையில் இறங்கியது. டாக்டர்கள் உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். லண்டனில் 1960-இல் தொடங்கிய வாதம் அது.

விலக்கு என்பது வெறும் நம்பிக்கையாக இல்லாமல் உண்மையாகவே இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நியூயார்க்கில் சான்று உண்டு. ஐ.நா.வில் பணிபுரியும் வெளிநாட்டுத் தூதர்களிடமிருந்து பார்க்கிங் அபராதத்தை வசூலிக்க முடியாது. 1997 முதல் 2002 வரையிலான ஐந்தாண்டுகளில் அவர்கள் கட்டாமல் விட்ட சீட்டுகள் 1,50,000-க்கும் மேல் என்று ரேமண்ட் ஃபிஸ்மன், எட்வர்ட் மிகேல் என்ற இரு பொருளியலாளர்கள் கணக்கெடுத்தார்கள். பட்டியலில் முதலிடம் பிடித்த குவைத்தின் தூதர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரி 246 சீட்டு. நார்வே, ஸ்வீடன் தூதர்கள் பெயரில் ஒன்றுகூட இல்லை. 2002-இன் இறுதியில், பாக்கி வைத்தவர்களின் தூதரக நம்பர் பிளேட்டைப் பறிக்கும் அதிகாரம் நகரத்துக்குக் கிடைத்தது. மீறல்கள் ஏறக்குறைய 98 சதவீதம் குறைந்தன. அதுவரை கண்ணில் படாத காலி இடங்கள் அதற்குப் பிறகு எல்லா நாட்டவர் கண்ணிலும் பட்டன.

அபராதத்துக்கு அசையாதவர்களுக்காகச் சக்கரப் பூட்டு வந்தது. இதை உருவாக்கிய ஃபிராங்க் மாருக், அமெரிக்காவின் டென்வர் நகர சிம்பொனி இசைக்குழுவில் வயலின் வாசித்தவர். 1955-இல் டென்வர் காவல்துறை பூட்டத் தொடங்கியது. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவு, தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியைப் பூட்டவோ இழுத்துச் செல்லவோ அனுமதிக்கிறது; இழுக்கும் செலவும் உரிமையாளர் தலையில்தான். பூட்டில் ஒரு தத்துவச் சிக்கல் உண்டு. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று கருதப்பட்ட வண்டி, பூட்டிய பிறகு அங்கிருந்து போக முடியாது.

இழுவை வண்டிக்கு அந்தச் சிக்கல் இல்லை. அது தெருமுனையில் திரும்பும்போதே கடைக் காவலாளி விசில் ஊதி, “வண்டிய எடுங்க, வண்டிய எடுங்க” என்று குரல் கொடுப்பார். புடவை பார்த்துக்கொண்டிருந்த ஆண்கள் எல்லோரும் சாவியோடு வெளியே ஓடுவார்கள். அன்று அவர்கள் முகத்தில் முதன்முறையாக ஆர்வம் தெரியும். வண்டியை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இழுவை வண்டி போனதும் அதே இடத்தில் நிறுத்துவார்கள். தப்பாதவர்களுக்கு, 2019-இல் திருத்தப்பட்ட 177-ஆம் பிரிவின்படி முதல் முறை 500 ரூபாய், மறுமுறை 1,500. பத்தாயிரம் ரூபாய்ப் பட்டுப்புடவைக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி.யும் அதே 500 ரூபாய்தான். இரண்டையும் பில்லோடு சேர்ந்த வரி என்று கடந்துவிடுகிறார்கள்.

இவற்றைவிடக் கடுமையான முறை ஒரே ஒரு முறைதான் காட்டப்பட்டிருக்கிறது. லிதுவேனியாவின் வில்னியஸ் நகர மேயர் ஆர்ட்டூராஸ் ஜுவோகாஸ், 2011-இல் சைக்கிள் பாதையில் நின்ற மெர்சிடிஸ் கார் மீது ராணுவக் கவச வண்டியை ஏற்றி நசுக்கினார். அது முன்னேற்பாட்டோடு படமாக்கிய காட்சி. நோபலைக் கேலி செய்து வழங்கப்படும் இக் நோபல் அமைதிப் பரிசு அந்த ஆண்டு அவருக்குக் கிடைத்தது.

தண்டனையை விட்டு, இடத்தைப் பெருக்கும் வழியும் உண்டு. பாண்டி பஜாரை ஒட்டித் தணிகாசலம் சாலையில் பல அடுக்கு வாகன நிறுத்தகம் கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் வண்டி கடையிலிருந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது சென்னை வாடிக்கையாளரின் அடிப்படைத் தேவை. ஐந்து நிமிட நடையைத் தவிர்க்க அவர் இருபது நிமிடம் தெருத்தெருவாகச் சுற்றத் தயார். இந்தச் சுற்றலையே ஆராய்ந்தவர் அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப். நெரிசலான நகர மையங்களில் ஓடும் போக்குவரத்தில் சராசரியாக 30 சதவீதம் இடம் தேடிச் சுற்றும் வண்டிகள் என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் எழுதினார். ஒரு கார் தன் ஆயுளில் 95 சதவீதத்தை நின்றபடி கழிக்கிறது என்பதும் அவர் கணக்கு. ரெண்டு நிமிஷ வாதத்தை இதைவிட மோசமாகத் தாக்கிய புள்ளிவிவரம் இல்லை. அவர் சொன்ன தீர்வு, எந்நேரமும் ஒன்றிரண்டு இடம் காலியாக இருக்கும் அளவுக்குக் கட்டணத்தை ஏற்றுவது.

ஜப்பான் பிரச்சினையை அதன் தொடக்கத்திலேயே பிடித்தது. 1962-இல் இயற்றிய சட்டத்தின்படி, நிறுத்த இடம் இருக்கிறது என்று காவல் நிலையத்தில் சான்றிதழ் வாங்கினால்தான் காரைப் பதிவு செய்ய முடியும். இடம் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். சென்னையில் வரிசை வேறு: முதலில் வங்கிக் கடன், பிறகு கார், பிறகு சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், கடைசியில் இடம். ஜப்பானியச் சட்டத்திலும் கிராமங்களுக்கும், சில பகுதிகளில் சிறிய ரகக் கார்களுக்கும் விலக்கு உண்டு. விலக்கில்லாத சட்டத்தை அங்கேயும் எழுத முடியவில்லை. அந்த விலக்கு யாருக்கு என்பதை முடிவு செய்கிறவர் மட்டும் அங்கே கார்க்காரர் அல்லர்.