வாசலில் முளைக்கும் கட்டணம்

கேள்வி: உப்பல் ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஃபிளாட்டை ஐபிஎல் சமயத்தில் நாள் வாடகைக்கு விடுகிறோம். நீச்சல் குளம், கிளப் ஹவுஸுக்கு அசோசியேஷன் தலைக்கு 300 ரூபாய் கேட்கிறது. விருந்தாளி வந்ததும் வாங்கிக்கொள்ளலாமா? - ஒரு வாசகி, உப்பல்

பதில்: வேண்டாம் அம்மா. பௌலர் ஓடி வரும்போது ஸ்டம்பை நகர்த்துகிற வேலை அது! நான்கு பேர் வந்தால் 1,200 ரூபாய். வாடகை 4,000 ரூபாய்தான் என்று நம்பிப் பெட்டியோடு வந்தவர், ராத்திரி மேட்ச் முடிந்த கூட்டத்தில் வேறு இடம் தேடிப் போகவா முடியும்? அந்த இக்கட்டில் வாங்கும் பணம் வாடகை அல்ல, வழிப்பறி.

விளம்பரத்திலேயே 5,200 என்று போடுங்கள். குளம் வேண்டாதவருக்குக் கழித்துக்கொள்ளலாம் என்றால் அதையும் எழுதுங்கள். குளத்தில் கால்கூட நனைக்காத பாட்டியிடம் எதற்கு 300?

விலையை முழுசாகச் சொல்லாமல் சொட்டுச் சொட்டாக ஏற்றுவதை, நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 நவம்பர் 30 வழிகாட்டுதல்கள் ஏமாற்று உத்திகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கின்றன. வாடிக்கையாளர் 1915-க்குப் போன் போட்டுப் புகார் செய்யலாம். ரிசார்ட் கட்டணத்துக்குப் பேர்போன அமெரிக்காவிலேயே, 2025 மே 12 முதல் தங்கும் விடுதிகளும் குறுகிய கால வாடகை வீடுகளும் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்த விலையைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

இன்னொன்று: நாள் வாடகைக்கே அசோசியேஷன் சம்மதம் உண்டா? எழுத்தில் வாங்கிவிடுங்கள். கட்டிய 300-க்கு ரசீதும் கேளுங்கள். விருந்தாளி கேட்டால் நீங்கள் காட்ட வேண்டியது அதைத்தான்.