‘ஐ’ வரும் இடத்தில் ‘ஐ’ வராது

ஆங்கில ஆசிரியர்களே, உங்கள் மாணவர்கள் ‘ஐ’ எங்கே, ‘மீ’ எங்கே என்று ஆயுசுக்கும் தடுமாற வேண்டுமா? கீழே உள்ள முறையைக் கடைப்பிடியுங்கள். பல தலைமுறைகளாகப் பரிசோதிக்கப்பட்டது. அடியேனும் அந்தப் பட்டறையில் தயாரானவன்தான்.

1. பெயரில் தொடங்குங்கள்

வகுப்புக்குள் நுழைந்ததும் ‘நாமினேட்டிவ் கேஸ், அக்யூசேட்டிவ் கேஸ், பொஸஸிவ் கேஸ்’ என்று போர்டில் எழுதி, பத்துத் தடவை எழுதி வரச் சொல்லுங்கள். கேஸ் என்றதும் பாதிப் பேருக்குச் சிலிண்டரும் மீதிப் பேருக்குப் போலீஸ் ஸ்டேஷனும் நினைவுக்கு வரும். வரட்டும். ‘வேற்றுமை’ என்ற சொல்லை மட்டும் மறந்தும் உச்சரிக்காதீர்கள். எட்டு வேற்றுமையைத் தாண்டி வந்த பிள்ளைகள், ‘ஐ, மீ, மை’ என்ற மூன்றைப் பார்த்து ‘இவ்வளவுதானா?’ என்று கேட்டுவிடுவார்கள்.

2. ‘மீ’யை ஒழித்துக்கட்டுங்கள்

ஒரு பையன் ‘மீ அண்ட் ராமு வென்ட் டு தி மார்க்கெட்’ என்பான். ‘ராமு அண்ட் ஐ’ என்று திருத்துங்கள். காரணம் சொல்லாதீர்கள், முறைத்தால் போதும். ‘அண்ட்’ வந்தால் கூடவே ‘ஐ’ வரவேண்டும் என்று அவனே முடிவுகட்டிக்கொள்வான். அடுத்த வாரம் ‘தி டீச்சர் ஸ்கோல்டட் ராமு அண்ட் ஐ’ என்று எழுதுவான். வளர்ந்தபின் ஆபீஸ் மெயிலில் ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ என்பான். தவறுதான், ஆனால் எவ்வளவு பவ்யமான தவறு! யாராவது சுட்டிக்காட்டினால் ஷேக்ஸ்பியரைத் துணைக்கு அழைக்கலாம். ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் அந்தோனியோ எழுதும் கடிதத்திலும் இதே பிரயோகம் இருக்கிறது.

3. ராமுவை வெளியே விடாதீர்கள்

இது மிக முக்கியம். வாக்கியத்திலிருந்து ராமுவை நீக்கினால் மிஞ்சுவது ‘தி டீச்சர் ஸ்கோல்டட் ஐ’. கடைசி பெஞ்சுகூடச் சிரித்துவிடும். ‘மீ வென்ட்’ என்பதற்கும் அதே கதி. அதனால் ராமு உள்ளேயே இருக்கட்டும்.

4. ‘ஹூம்’ என்பது மரியாதை என்று நம்பவையுங்கள்

‘ஹூ’ சாதாரணம், ஒரு ‘ம்’ சேர்த்தால் கௌரவம் என்று சொல்லிவையுங்கள். வாசலில் காலடிச் சத்தம் கேட்டால் ‘ஹூம் இஸ் கமிங்?’ என்பார்கள். ‘யாரைப் பார்த்தாய்?’ என்று கேட்கத் தெரிந்த குழந்தைக்கு யார், யாரை வித்தியாசம் தெரியும் என்பதையும், ‘யாரை’ வரும் அந்த இடத்தில்தான் ‘ஹூம்’ வரும் என்பதையும் மூச்சுவிடாதீர்கள்.

5. தமிழை வாசலிலேயே நிறுத்துங்கள்

‘டீச்சர் நானும் ராமுவும் திட்டினார்’ என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தைகூடச் சொல்லாது. ‘என்னையும் ராமுவையும்’ என்று ஆளுக்கொரு உருபு போட்டுத்தான் சொல்லும். அந்த இரண்டாம் வேற்றுமை உருபு எது? சாட்சாத் ‘ஐ’! தமிழ் ‘ஐ’ ஒட்டும் இடத்தில் இங்கிலீஷ் ‘ஐ’ வராது, ‘மீ’தான் வரும் என்ற இந்த ஒரு வரி பிள்ளைகள் காதில் விழுந்தால் இதுவரை பட்ட பாடு வீண்.

விழுந்தே விட்டதா? பதறவேண்டாம். விதிவிலக்குகளை அவிழ்த்துவிடுங்கள். ‘என்னைவிட உயரம்’ என்பதில் தமிழ் ‘ஐ’ இருக்கிறது. ஆனால் கறாரான இங்கிலீஷ் இலக்கணம் அங்கே ‘ஐ’ கேட்கும், பேச்சு வழக்கு ‘மீ’ கேட்கும். ‘எனக்குத் தெரியும்’, ‘எனக்குப் பசிக்கிறது’ என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வதெல்லாம் இங்கிலீஷில் ‘ஐ’யாகிவிடும். இவற்றை முதல் நாளே, ஒரே மூச்சில், தேர்வுக்கு வரும் என்ற மிரட்டலோடு சொல்லுங்கள். போதாவிட்டால், கதவைத் தட்டிவிட்டு ‘இட் இஸ் ஐ’ என்று சொல்லும்படி வீட்டுப்பாடம் கொடுங்கள். வீட்டில் கதவு திறக்காது.

இவ்வளவு பாடுபட நேரமில்லாத ஆசிரியர்களும் இருப்பார்கள். அவர்கள் ராமுவைச் சற்று வெளியே நிற்கச் சொல்லி, மிச்ச வாக்கியத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லட்டும். பாடம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். மீதிப் பீரியடை எப்படி ஓட்டுவது என்பது அவர்கள் பாடு.