ஒரு டம்ளர் அண்ணாச்சி

அருப்புக்கோட்டையில் தெருவுக்கு ஒரு பிள்ளையார் இருக்கிறாரோ இல்லையோ, தெருவுக்கு ஒரு சவர அண்ணாச்சி உண்டு. திருநகரத்தில் பார்க்கலாம், புளியம்பட்டியில் பார்க்கலாம், சொக்கலிங்கபுரத்திலும் பாளையம்பட்டியிலும் பார்க்கலாம். நூல் மில்லில் ஓய்வு பெற்றவராக இருப்பார். இல்லாவிட்டால் தறி ஓட்டியவர், வாத்தியார், பலசரக்குக் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு அவன் செய்வதெல்லாம் தப்பு என்று சொல்லிக்கொண்டிருப்பவர். தொழில் எதுவானாலும் காலை ஆறரைக்குக் கோலம் ஒன்றுதான். சட்டையில்லாத உடம்பு, தோளில் துண்டு, ஜன்னல் கம்பியில் செருகிய ரசம் போன கண்ணாடி, திண்ணையில் சப்பணம், எதிரே ஒரு டம்ளர் தண்ணீர்.

கண்ணாடி டம்ளர், டீக்கடையில் கொடுக்கும் ரகம். எவர்சில்வர் ஆகாது. காரணம் பின்னால் வருகிறது.

டம்ளருக்குள் இருப்பது நல்ல தண்ணீர். இந்த ஊரில் பிறந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: போர் போட்டால் வருவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்பை நுரைக்க விடாது. எத்தனை சுற்றுச் சுற்றினாலும் பிரஷில் வருவது நுரையல்ல, திப்பி. நுரை வேண்டுமானால் குழாயில் வரும் நல்ல தண்ணீர் வேண்டும். அதுவோ வரும் நாளில் வரும். வந்ததும் குடம் குடமாக அடுக்களைக்குள் போய்விடும். அங்கே அண்ணாச்சியின் செல்வாக்கு செல்லாது. "குடிக்கிற தண்ணிய மூஞ்சியில ஊத்தியா அழகு பாக்கணும்?" என்று வீட்டம்மா கேட்டபோது நடந்த பேச்சுவார்த்தையில் முடிவானதுதான் இந்த ஒரு டம்ளர். தோற்று வாங்கிய ஒதுக்கீட்டை மனிதர் நாளடைவில் கொள்கையாக்கிவிட்டார். இப்போது கேட்டால், "ஒரு டம்ளருக்கு மேல செலவழிக்கிறவன் சவரம் பண்ணல தம்பி, குளிக்கிறான்" என்பார்.

அந்த டம்ளரை அவர் செலவழிக்கும் விதத்தை நிதித்துறைக்காரர்கள் வந்து பார்க்கலாம். முதல் கால்பங்கு துண்டின் நுனிக்கு. நனைந்த நுனியைத் தாடையில் ஒற்றி மூன்று நிமிடம் காத்திருப்பார். காய்ந்த முடி இரும்பை எதிர்க்கும், ஊறிய முடி வணங்கும் என்பது சித்தாந்தம். அடுத்த கால்பங்கு பிரஷுக்கு. பாதி முடி உதிர்ந்த பிரஷ்தான், வட்டச் சோப்பின் மேல் சுற்றச் சுற்ற வெண்ணெய் திரளும். மிச்சப் பாதி ரேசரை அலச. மூடி, தட்டு, கைப்பிடி எனக் கழற்றினால் மூன்று துண்டாகும் ரேசர் அது. முப்பது பாகைச் சாய்வில் பிடிப்பார், அமுக்கமாட்டார். "கனம் அதுக்கே இருக்கு. நீ அமுக்குனா ரத்தம், அது அமுக்குனா சவரம்." முதலில் மயிர் படிந்த வாக்கில் ஒரு சுற்று, பிறகு நுரை போட்டு எதிர்வாக்கில் ஒரு சுற்று. கடைசியில் படிகாரக் கட்டி. எரிச்சலில் கண்ணை மூடிக்கொண்டு 'உஸ்' என்பார். வீட்டுக்குள் காப்பி கலக்கச் சமிக்ஞை அதுதான்.

மேல் உதடு வழிக்கும்போது மட்டும் பேசமாட்டார். மூக்கு நுனியைத் தூக்கி, உதட்டைப் பல்லோடு இழுத்து மூடி, யார் எதைக் கேட்டாலும் கையை மட்டும் ஆட்டுவார். மகளின் கல்யாணச் செலவு, கூட்டுறவு வங்கிக் கடன் போன்ற பெரிய விஷயங்களை வீட்டில் எடுக்கும்போதெல்லாம் சொல்லிவைத்தாற்போல் மேல் உதடு வந்துவிடும்.

இனி டம்ளரின் இரண்டாவது உத்தியோகம். தண்ணீர் தீர்ந்ததும் பிளேடை ஈரமில்லாமல் துடைத்து, டம்ளரின் உட்சுவரில் படுக்கவைத்து, ஒரு விரலால் அழுத்தி இப்படியும் அப்படியும் தேய்ப்பார். கண்ணாடி வளைவு சாணைக்கல்லாகிவிடும். அப்படித் தீட்டித் தீட்டி ஒரு பிளேடை ஒரு மாதம் ஓட்டுவார். செவ்வாய் ஆகாது, வெள்ளி ஆகாது, அமாவாசை ஆகாது, பிறந்த நட்சத்திரம் ஆகாது என்று பஞ்சாங்கமும் பிளேடின் ஆயுளுக்குத் துணை நிற்கிறது.

முடியை விட ஏறக்குறைய ஐம்பது மடங்கு கடினமான எஃகு ஏன் மழுங்குகிறது என்று 2020இல் எம்.ஐ.டி. விஞ்ஞானிகள் ஆராய்ந்து 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்திலிருப்பது. அந்தக் குழுவில் ஒருவர் தன் முகத்தையே வழித்து, பிளேடை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். விளிம்பு தேய்வதை விட, சாய்ந்து மோதும் முடியால் துளித்துளியாகச் சில்லு பெயர்கிறது என்று தெரிந்தது. இதைச் சொன்னால் அண்ணாச்சி அசரமாட்டார். "மொதல்ல ஊறப்போட்டானா கேளு."

சவரம் என்றால் அவருக்கு இரண்டு யுகம், கத்தி யுகமும் பிளேடு யுகமும். கத்தி யுகத்தில் யாரும் தன் தாடையைத் தானே தொட்டதில்லை. தொழிலாளி அடப்பத்தைத் தூக்கிக்கொண்டு வீடு தேடி வருவார். வேப்பமரத்தடியில் குத்தவைத்து, தீட்டுக்கல், தோல்வார், கிண்ணி, கத்தி என்று ஒவ்வொன்றாகப் பரப்புவார். தோல்வாரில் கத்தி போகும்போது முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்னே வர வேண்டும். மாறினால் வார் அறுந்துவிடும். வார் இல்லாவிட்டால் உள்ளங்கையே போதும். சின்ன வயதில் தாத்தாவின் கழுத்தில் அந்தக் கத்தி ஏறி இறங்குவதை மூச்சுவிடாமல் பார்த்த கதையை அண்ணாச்சி ரசித்துச் சொல்வார். கூலி காசாக வந்தது குறைவு. அறுவடைக் களத்தில் கம்பும் சோளமுமாக அளந்தார்கள். மழை பொய்த்த வருஷம் தாடைகள் வழக்கம்போல் வழிக்கப்பட்டன, களம்தான் காலியாக இருந்தது. அந்தத் தொழிலாளியிடம் கழுத்தை நம்பிக் கொடுத்த பெரியவர்கள், உட்காரத் திண்ணையைக் கொடுக்கவில்லை. கதை இந்த இடத்துக்கு வந்ததும் அண்ணாச்சி தொண்டையைக் கனைத்துக்கொண்டு அமெரிக்கா போய்விடுவார்.

அமெரிக்காவில் கிங் ஜில்லெட் என்பவர், மழுங்கினால் தூக்கிப்போடும் மெல்லிய பிளேடும் அதைப் பிடிக்க ஒரு ரேசரும் கண்டுபிடித்து 1904இல் காப்புரிமை பெற்றார். விற்பனை தொடங்கிய 1903ஆம் ஆண்டில் போனது 51 ரேசரும் 168 பிளேடும்தான். மாதம் ஒன்று என்ற அண்ணாச்சிக் கணக்கில் அந்த 168 பிளேடு ஒரே ஆளுக்குப் பதினாலு வருஷம் வரும். வாடிக்கையாளர் எல்லாரும் அருப்புக்கோட்டைக்காரர்களாக வாய்த்திருந்தால் ஜில்லெட் அந்த வருஷமே கடையைச் சாத்தியிருப்பார். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் சிப்பாய்களுக்கு லட்சக்கணக்கில் ரேசர் வாங்கிக் கொடுத்தது. போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் பழக்கத்தையும் வீட்டுக்குக் கொண்டு போனார்கள். பழைய பிளேடை என்ன செய்வது என்று அங்கே யோசித்தவர்கள் குளியலறை அலமாரியின் பின்புறம் ஒரு கீறல் விட்டார்கள். பிளேடு அதன் வழியாகச் சுவருக்குள் விழுந்துவிடும். இங்கே எதுவும் விழாது. எரவாணத்தில் செருகிவைத்த பழைய பிளேடு தறி நூலை அறுக்கும், பென்சில் சீவும், தையல் பிரிக்கும், அண்ணாச்சியின் கால் நகத்தையும் ஒரு கை பார்க்கும்.

சலூனுக்கு முடி வெட்ட மட்டும் போவார். 1986இல் சென்னையில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டதற்குப் பிந்தைய ஆண்டுகளில் நீளக் கத்தி மெல்ல ஒதுங்கியது. இப்போது பிளேடைக் காகிதத்தோடு மடக்கி இரண்டாக ஒடித்து, பாதியைக் கைப்பிடியில் செருகி, ஆளுக்கு ஒன்று. நல்ல ஏற்பாடு என்று அண்ணாச்சியும் ஒப்புக்கொள்கிறார். அவருடைய சந்தேகமெல்லாம், "மிச்சப் பாதி யாருக்கு?"

அவருக்கு ஆகாதவர்கள் இரண்டு வகை. முதல் வகை தாடிக்காரர்கள். தாடிக்கு எண்ணெய், தாடிக்குச் சீப்பு என்று திரியும் இளவட்டங்களைக் கண்டால், "வீட்டுல மாசமா இருக்காங்களா?" என்று கேட்டுவிடுவார். மனைவி உண்டாகியிருந்தால் கணவன் வழிக்காமல் இருப்பது பழைய வழக்கம். கேட்கப்படுகிற பையனுக்குப் பெண்ணே பார்த்திருக்கமாட்டார்கள். பிறகு 1977க்குப் போவார். எம்.ஜி.ஆர். இந்தத் தொகுதியில் ஜெயித்து முதலமைச்சர் ஆன வருஷம். "அந்த மொகத்துக்கு ஓட்டுப் போட்ட ஊருடா இது. வழவழப்பு அதுக்குக் கீழ எறங்கலாமா?"

இரண்டாம் வகை கார்ட்ரிஜ்காரர்கள். 1971இல் இரண்டு பிளேடு, 1998இல் மூன்று, 2006இல் ஐந்து என்று கம்பெனிகள் ஒரே தலையில் அடுக்கிக்கொண்டே போனது அவருக்கு ஒப்பவில்லை. "அரைக் குறுக்கத்துல அஞ்சு ஏர் பூட்டுன மாதிரி இருக்கு. மாடு திரும்ப எடம் வேணாமா?"

ஆனால் ஒரு விஷயத்தில் கம்பெனி அவர் வழிக்கு வந்தது. 2002இல் இந்தியாவுக்கென்று ஒரு ரேசர் கொண்டுவந்த ஜில்லெட், அதை முன்கூட்டி அந்த எம்.ஐ.டி.யில் படித்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தது. பிரமாதம் என்றார்கள் பையன்கள். அவர்கள் வழித்தது குழாயைத் திறந்துவிட்டு. இங்கே ஒரு குவளைத் தண்ணீரில் அலசியவர்களுக்கு ரேசர் முழுக்க முடி அடைத்துக்கொண்டது. பிறகு ஆட்கள் இந்தியாவுக்கே வந்து, வீடு வீடாக உட்கார்ந்து சவரம் பார்த்து, 2010இல் அலசினால் அடைக்காத ஒற்றை பிளேடு ரேசரைப் பதினைந்து ரூபாய்க்கு விட்டார்கள். மாற்று பிளேடு ஐந்து ரூபாய். "எனக்கு ஒரு கார்டு போட்டிருந்தா பதில் கார்டுலயே எழுதியிருப்பேன். பிளேன் செலவு மிச்சம்" என்கிறார் அண்ணாச்சி. அந்த ரேசரை அவர் வாங்கவில்லை. கொள்கை ஜெயித்தால் போதும், ஐந்து ரூபாய் எதற்கு?

சவரம் முடிந்தால் குளிக்காமல் வாசல்படி ஏறக்கூடாது என்பது அடுத்த சட்டம். அப்போது திருச்சுழிக்குப் போவார், பேச்சில். ரமண மகரிஷி பிறந்த ஊர். 1896 செப்டம்பர் முதல் தேதி, பதினாறு வயதில் திருவண்ணாமலை சேர்ந்த பையன் தலையை மழித்துக்கொண்டு, கையிலிருந்த காசை அய்யங்குளத்தில் எறிந்துவிட்டு, இந்த உடம்புக்குக் குளியல் எதற்கு என்று கோயிலுக்கு நடந்தார். வானம் பொத்துக்கொண்டு மழை கொட்டி அவரைக் குளிப்பாட்டி அனுப்பியது. எல்லாரும் பக்தியோடு கேட்கும் இந்தக் கதையிலும் அண்ணாச்சிக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. "நம்ம பக்கத்து ஆளு. மழை பாரு, அங்க போயிப் பெய்யுது!"

போன பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து மருமகன் வந்திருந்தான். பெட்டியைத் திறந்தால் ஜெர்மனியின் சோலிங்கனில் செய்த ரேசர், பேட்ஜர் முடியில் கட்டிய பிரஷ், சந்தன வாசக் களிம்பு. அதெல்லாம் வாங்கிய காசுக்கு ஒரு வெள்ளாட்டுக் குட்டி பிடிக்கலாம். "இதுதான் மாமா இப்ப டிரெண்டு. பிளாஸ்டிக் குப்பையே கிடையாது" என்றான். கழற்றினால் மூன்று துண்டாகும் அந்த ரேசரை அண்ணாச்சி திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐம்பது வருஷமாகக் கஞ்சத்தனம் என்று வீட்டில் வாங்கிய பேச்சுக்கெல்லாம் அன்றைக்குத்தான் மரியாதையான பேர் கிடைத்தது. மருமகன் போர்க் குழாயைத் திறந்து, களிம்பைக் குழைத்தான். பேட்ஜர் முடியிலும் வந்தது அதே திப்பிதான்.

"மாமா, ஒங்க டம்ளர்ல கொஞ்சம்..."

"பங்கு கெடையாது மாப்ள. ஒரு ஆளுக்கு ஒரு டம்ளர்."

அப்போதுதான் அத்தை வாசலுக்கு வந்தார், கையில் வாளியோடு. "ஒரு டம்ளர், ஒரு டம்ளர்னு ஊரே இவரப் பெருமையாப் பேசுது மாப்ள. சிந்துன நுரையத் திண்ணையிலருந்து கழுவ ஒரு வாளி. துண்ட அலச அரை வாளி. கண்ணாடி, கிண்ணி, பிரஷு கழுவத் தனி. அப்புறம் தொரை குளிக்க ரெண்டு கொடம். அந்தத் தண்ணிய வண்டிக்காரன்கிட்டச் சண்டை போட்டுப் புடிச்சு வைக்கிறது யாரு? இந்தக் கணக்க ஒங்க அமெரிக்காக்காரன் எழுதுனானா?"

எழுதவில்லை. வீடு வீடாக வந்தவர்கள் திண்ணையோடு திரும்பிவிட்டார்கள் போலும். மருமகன் அண்ணாச்சியைப் பார்த்தான். அண்ணாச்சி பதில் சொல்லத்தான் நினைத்திருப்பார்; ஆனால் மூக்கு நுனியைத் தூக்கிவிட்டார். இரண்டாவது தடவையாக மேல் உதடு வந்துவிட்டது.