தூங்காத கணக்குப்பிள்ளை

கேள்வி: பிறிட்ஜுக்குள் ஒரு வெப்பமானி தொங்குகிறது. அது போதாதா? டேட்டா லொகர் எதற்கு?
(பாமசி நடத்துபவர், களுவாஞ்சிக்குடி)

வெப்பமானி நீங்கள் பார்க்கும்போது மட்டும் பேசும். நள்ளிரவில் என்ன நடந்தது என்று கேட்டால் வாய் திறக்காது. லொகரோ தூங்காத கணக்குப்பிள்ளை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினால் நாளொன்றுக்கு 144 பதிவு. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டதை நாம் மறக்கவில்லை. அப்படியொரு நாளில் இன்சுலின் எவ்வளவு நேரம் 8 பாகைக்கு மேல் கிடந்தது என்று சொல்ல ஊகம் போதாது, எழுத்து வேண்டும்.

இன்னொன்று. நம் ஊரில் எல்லோருக்கும் வெயில்தான் பயம். குளிரின் கெடுதி கண்ணில் படுவதில்லை. இன்சுலினும் பெரும்பாலான தடுப்பூசிகளும் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். வீட்டுப் பிறிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்த பெட்டியைக் காலையில் எடுத்துப் பாருங்கள், சில நேரம் அட்டை சுவரோடு உறைந்து, கிழிந்துதான் கையோடு வரும். உள்ளே உறைந்து உருகிய இன்சுலின் பழுதில்லாததுபோலவே தெரியலாம். அதைப் போட்டவருக்குச் சீனி சரிவர இறங்காமல் போகலாம்; ஏன் என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

தடுப்பூசி பிறிட்ஜுக்கான 30 நாள் பதிகருவிக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எச்சரிக்கை எல்லையைப் பாருங்கள். 8 பாகைக்கு மேலே போனால் தொடர்ந்து 10 மணித்தியாலம் பொறுக்கும், மைனஸ் 0.5க்கு இறங்கினால் ஒரே ஒரு மணித்தியாலம்தான். ஆகவே இரண்டு பக்கமும் எச்சரிக்கும் லொகரையே வாங்குங்கள்.

கேள்வி: பிறிட்ஜைத் திறந்தாலே அலாரம் கத்துகிறதே?
(தாதி, பெரியகல்லாறு)

உணரியைக் கிளைக்கோல் நிரப்பிய சிறு போத்தலுக்குள் இறக்கி, மருந்துக்குப் பக்கத்தில் வையுங்கள். கதவைத் திறந்ததும் காற்றுத்தான் சூடாகிறது, மருந்து அல்ல. நமக்கு வேண்டியது மருந்தின் கதை.

கேள்வி: வைஃபை லொகரா, யூஎஸ்பி லொகரா?
(மாணவர், எருவில்)

கரண்ட் போனால் ரூட்டரும் போகும். சொந்தப் பற்றரியும் சொந்த நினைவகமும் இருந்தால் எதுவும் நல்லது. இல்லாவிட்டால் எதுவும் வேண்டாம்.

கேள்வி: வாவியோர இறால் குளத்துக்கு எது பொருந்தும்?
(இறால் வளர்ப்பவர், கோட்டைக்கல்லாறு)

ஐபி68 என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். தண்ணீர் உள்ளே புகாது என்பதற்குத்தான் அது உறுதி. உப்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. பிளாஸ்டிக் கூடோ, 316 இலக்கத் துருவேறா உருக்கோ கேளுங்கள். மேலே மிதக்கவிட்டால் வெயிலில் காய்ந்த தன் கூட்டின் சூட்டைத்தான் எழுதும். கம்பில் கட்டி ஆழத்தில் நிறுத்துங்கள். மாரி மழையில் நன்னீர் மேலே நிற்க உப்புநீர் கீழே தங்கும். இரண்டின் சூடும் வேறு. முடிந்தால் இரண்டு லொகர், மேலொன்று கீழொன்று.

கேள்வி: மாட்டுச் சினைப்படுத்தலுக்கான திரவ நைதரசன் கொள்கலனுக்குள் இதே லொகரைப் போடலாமா?
(கால்நடை வளர்ப்பவர், படுவான்கரை)

போடவே வேண்டாம். அங்கே மைனஸ் 196 பாகை. சாதாரண லொகரின் தேர்மிஸ்டர் மைனஸ் 40 அளவிலேயே கைவிட்டுவிடும். பற்றரி அதற்கு முன்பே களைத்துவிடும். பிற்றி100 அல்லது ரீ வகைத் தேர்மோகப்பிள் முனை உள்ளே, கருவி வெளியே என்று இருக்க வேண்டும். எதை வாங்கினாலும் அளவுகோலை விட்டுவிடாதீர்கள். கோலை இறக்கி எடுத்ததும் அதில் வெண்பனி படிகிறதே, அந்த உயரம்தான் நைதரசனின் உயரம்.

கேள்வி: வாங்கிய லொகர் உண்மை பேசுகிறதா என்று எப்படி அறிவது?
(ஆசிரியை, செட்டிபாளையம்)

நொறுக்கிய ஐசைக் குவளை நிறையப் போட்டு, இடைவெளி நிரம்பச் சுத்தமான தண்ணீர் விட்டுக் கலக்கி, உணரியை நடுவில் பிடித்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். பூச்சியம் காட்ட வேண்டும். அரைப் பாகைக்கு மேல் பிசகினால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். பிசகாவிட்டால் தினம் காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக அது எழுதியதைப் படியுங்கள்.